ஜப்தி: ஒரு சொல்லின் கதை



போன செமஸ்டரில் எங்கள் வகுப்பு நண்பன் ஒருவன் பத்து நாள் கல்லூரிக்கு வரவில்லை. போனும் சுவிட்ச் ஆஃப். காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தோம். பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஏதோ ஒரு கடன் ஆப்பில் ஐயாயிரம் ரூபாய் வாங்கியிருக்கிறான். தவணை தள்ளிப் போனதும் அவன் போனில் இருந்த எல்லா நம்பருக்கும் அவன் படத்தைப் போட்டு 'இவன் மோசடிக்காரன்' என்று மெசேஜ் அனுப்பிவிட்டார்கள். அம்மாவுக்கு, மாமாவுக்கு, பத்தாவதில் டியூஷன் எடுத்த டீச்சருக்கு, ஊரில் பால் ஊற்றுகிறவருக்குக்கூட! எனக்கும் வந்திருந்தது. ஏதோ குப்பை என்று நினைத்து அழித்துவிட்டேன்.

அவனைப் பார்க்க ஊருக்குப் போனோம். திண்ணையில் உட்கார்ந்து அவன் சொன்ன வார்த்தை இதுதான்: "வீட்டுக்கு ஜப்தி வந்த மாதிரி ஆயிடுச்சுடா மாப்ள."

அவன் வீட்டிலிருந்து யாரும் ஒரு சொம்பைக்கூட எடுத்துப் போகவில்லை. கோர்ட்டும் இல்லை, அமீனாவும் இல்லை. இருபது வயசுப் பையன், ஜப்தியைக் கண்ணால் பார்த்ததே கிடையாது. ஆனாலும் ஊர் முன்னால் தலைகுனிந்து நின்றதைச் சொல்ல அவனுக்குக் கிடைத்த சொல் ஜப்திதான். அவமானம், கேவலம், மானம் கப்பலேறியது, சந்தி சிரித்தது என்று தமிழில் எத்தனையோ இருக்கும்போது இவன் ஏன் கோர்ட்டு வார்த்தையைப் பிடித்தான்? அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது ஆரம்பித்த யோசனை. அப்புறம் நூலகம், வணிகச் சட்டப் புத்தகம், எங்கள் அப்பாயி என்று சுற்றி இந்தக் கட்டுரையில் வந்து நிற்கிறது. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல் எங்கிருந்து வந்தது?

ஜப்தி தமிழ்ச் சொல் இல்லை. அரபியில் 'ஸப்த்' என்றால் இறுகப் பிடிப்பது, கட்டுக்குள் வைப்பது. அது பாரசீகம் வழியாக வடக்கே அரசாங்கச் சொல்லானது. அக்பர் காலத்தில் தோடர்மால் ஏற்படுத்திய, நிலத்தை அளந்து வரி போடும் முறைக்கே 'ஜப்தி' என்றுதான் பெயர். அதாவது அப்போது அது அவமானச் சொல் இல்லை, வெறும் கணக்குச் சொல்.

தஞ்சாவூரை 1670களிலிருந்து மராட்டியர் ஆண்டார்கள். அவர்களுடைய வருவாய்க் கணக்கில் பாரசீகச் சொற்கள் ஏராளம். 1799ல் இரண்டாம் சரபோஜி காலத்தில் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. கம்பெனிக்காரர்களும் அதே வகைச் சொற்களைத்தான் கச்சேரிகளில் வைத்துக்கொண்டார்கள். நாம் இன்றைக்கும் தினமும் சொல்கிற வசூல், பாக்கி, ரசீது, ஜாமீன், வக்கீல், தாசில்தார், கிஸ்தி, ஜமாபந்தி எல்லாம் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவைதான். ஜப்தி செய்ய வரும் கோர்ட்டு ஊழியரை 'அமீனா' என்கிறோமே, அதற்கு மூலமான அரபுச் சொல் 'அமீன்'. பொருள் என்ன தெரியுமா? நம்பிக்கைக்கு உரியவர்! தெருமுனையில் அமீனா தலை தெரிந்தாலே கதவைச் சாத்திய நம் ஊர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

சட்டத் தமிழில் ஜப்திக்கு 'பற்றுகை' என்று நல்ல சொல் இருக்கிறது. பி.காம். படிப்பவர்களுக்கு 'பற்று' நன்றாகத் தெரியும். பேரேட்டில் இடது பக்கம் எழுதுவது. ஆனால் "அவன் வீட்டுல பற்றுகை ஆயிடுச்சாம்" என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? பற்றுகை பேப்பரில் இருக்கிறது. ஜப்திதான் தெருவில் நடக்கிறது.

கொடுப்பதும் வருவதும்

இன்னொன்றையும் கவனித்தேன். நம் ஊரில் பெரிய வியாபாரி நொடித்துப் போனால் "ஐ.பி. கொடுத்துட்டார்" என்பார்கள். அல்லது "மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டார்". அவரே கொடுக்கிறார். ஐ.பி. என்பது திவால் மனு. 1920ஆம் வருஷத்து மாகாணத் திவால் சட்டப்படி, கடன் 500 ரூபாயைத் தாண்டி, அதை அடைக்க வழி இல்லாதவர் தாமே கோர்ட்டில் மனுப் போடலாம். அதற்கப்புறம் கடன்காரர்கள் ஆளாளுக்கு வந்து கையைப் பிடிக்க முடியாது, எல்லாம் கோர்ட்டு வழிதான். அவமானம் அதிலும் உண்டு. ஆனால் அந்தச் சட்டம் கடனாளிக்கு ஒரு குடை.

சின்ன விவசாயிக்கு என்ன சொல்கிறோம்? "ஜப்தி வந்துருச்சு." மழை வருகிற மாதிரி, நோய் வருகிற மாதிரி. அவர் எதுவும் செய்யவில்லை, அது வந்தது. அதே 500 ரூபாய்ச் சட்டம் அவருக்கும் பொருந்தும். ஆனால் அந்தக் கதவு இருப்பது யாருக்குத் தெரியும்? ஒருவர் கொடுக்கிறார், ஒருவருக்கு வருகிறது. இந்த வித்தியாசத்தை நம் பேச்சு எவ்வளவு சரியாகப் பிடித்து வைத்திருக்கிறது பாருங்கள்.

வட்டம் போட்ட கதை

ஜப்தி என்ற சொல் வருவதற்கு முன்னால் இங்கே கடனை எப்படி வசூலித்தார்கள்? 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ நம் கடற்கரைப் பக்கம் வந்தார். சோழர் ஆட்சி முடிந்து பாண்டியர் கையில் இருந்த காலம். இந்தச் சோழமண்டலக் கரையை அவர் 'மாபார்' என்று எழுதுகிறார். அங்கே பார்த்ததாக ஒரு வழக்கத்தைச் சொல்கிறார். கடன் கொடுத்தவன் பல தடவை கேட்டும் கிடைக்காவிட்டால், சமயம் பார்த்துக் கடனாளியைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் போட்டுவிடுவான். பணத்தைக் கொடுக்கும் வரை, அல்லது ஜாமீன் சொல்லும் வரை, அந்த வட்டத்தை விட்டு அவன் வெளியே வரக்கூடாது. தாண்டினால் தண்டனை.

ராஜாவே ஒரு வெளிநாட்டு வியாபாரிக்குப் பாக்கி வைத்திருந்தாராம். வியாபாரி குதிரையில் போன ராஜாவைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டான். ராஜாவும் நின்று கணக்கைத் தீர்த்துவிட்டுத்தான் நகர்ந்தார் என்று எழுதியிருக்கிறார். படிக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ராஜாவுக்கும் குடிமகனுக்கும் ஒரே வட்டம்! ஆனால் அந்த வட்டத்துக்கு எங்கிருந்து பலம் வந்தது என்று யோசியுங்கள். சுவரும் இல்லை, சங்கிலியும் இல்லை. ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது, அதுதான் பலம்.

வடக்கே இதற்குத் தங்கச்சி மாதிரி ஒரு வழக்கம், தர்ணா. கடன் கொடுத்தவன் கடனாளியின் வாசலில் போய் உட்கார்ந்துவிடுவான், சாப்பிட மாட்டான். அவன் செத்தால் பாவம் வீட்டுக்காரனுக்கு. 1860ஆம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்தின் 508ஆம் பிரிவு, தெய்வக் கோபம் வரும் என்று நம்பவைத்து மிரட்டுவதைக் குற்றமாக்கியது. அதற்கு உதாரணமாகச் சட்டத்திலேயே வாசலில் தர்ணா இருப்பதை எழுதியிருந்தார்கள். (அந்தச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் போய்விட்டது.) இன்றைக்குத் தர்ணா என்றால் கலெக்டர் ஆபீஸ் முன்னால் மக்கள் உட்காருவது. கடன் கொடுத்தவனின் ஆயுதம் கை மாறிவிட்டது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வருகிறேன்.

அண்ணாந்தாளும் கிட்டியும்

அடுத்தது மனசுக்குக் கஷ்டமான பகுதி. 1855ல் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழு ஓர் அறிக்கை கொடுத்தது. நிலவரி வசூலிக்கக் கம்பெனியின் கீழ்மட்ட ஊழியர்கள் குடியானவர்களை என்னென்ன செய்தார்கள் என்ற பட்டியல் அதில் இருக்கிறது. இங்கிலீஷ் அறிக்கைக்கு நடுவில் இரண்டு தமிழ்ச் சொற்கள் அப்படியே வருகின்றன. ஒன்று அண்ணாந்தாள்: ஆளைக் குனியவைத்து, கழுத்துக்கும் கால் கட்டைவிரலுக்குமாகக் கயிறு கட்டி, நிமிரவிடாமல் வெயிலில் விடுவது. இன்னொன்று கிட்டி: இரண்டு கட்டைக்கு நடுவில் கைவிரலை வைத்து நெரிப்பது. தலைமயிரைக் கழுதை வாலில் கட்டுவதும் பட்டியலில் உண்டு.

கழுதை வாலில் கட்டினால் ரொம்ப வலிக்கும் என்பதற்காகவா கட்டினார்கள்? ஊர் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். வலியோடு வேடிக்கையும் சேர்ந்தால் பாக்கி சீக்கிரம் வரும்.

அந்த அறிக்கை வந்து ஒன்பது வருஷம் கழித்து, 1864ல், சென்னை வருவாய் வசூல் சட்டம் வந்தது. வரி பாக்கி என்றால் சாமானை, நிலத்தை எடுத்து ஏலம் விடு, இன்னின்ன முறைப்படி செய் என்று எழுதியது. சிறைக்கும் அதில் இடம் இருந்தது. ஆனால் கயிறுக்கும் கிட்டிக்கும் இடம் இல்லை. இதைப் படித்தபோது எனக்கே ஆச்சரியம். நாம் பயந்து நடுங்குகிற ஜப்தி ஒரு வகையில் சீர்திருத்தம்! உடம்பை விட்டுவிட்டுச் சாமானைப் பிடி என்று வந்த ஏற்பாடு.

ஆனால் இந்தச் சீர்திருத்தம் எல்லார் வாசலுக்கும் வரவில்லை. ஜப்தி செய்ய வீட்டில் ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா? டெல்டாவின் பண்ணையாள் குடும்பங்களுக்கு, பெரும்பாலும் தலித் மக்களுக்கு, குடியிருந்த மனைகூடச் சொந்தம் இல்லை. கடனுக்கு அவர்கள் உடம்புதான் அடமானம். அதனால் அவர்களுக்குத் தண்டனையும் உடம்பின் மேலேயே இருந்தது: சாணிப்பாலும் சவுக்கடியும். 1940களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் செங்கொடிச் சங்கம் கட்டிப் போராடித்தான் அது நின்றது. பண்ணையாள் பாதுகாப்புக்கான அவசரச் சட்டம் 1952ல்தான் வந்தது. 'ஜப்தி அவமானம்' என்று சொல்ல முடிந்தவர்கள் ஏதோ கொஞ்சம் உள்ளவர்கள் என்பதை எங்கள் குடும்பம் உட்பட எல்லாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

தமுக்குச் சத்தம்

சரி, உடம்பு போய்ச் சாமான் வந்தது. வேடிக்கை போனதா? இல்லை. அதைச் சட்டமே பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டது.

1908ஆம் வருஷத்து உரிமையியல் விசாரணை முறைச் சட்டம், இருபத்தொன்றாம் கட்டளை, 54ஆம் விதி. நிலத்தை ஜப்தி செய்தால், அந்த நிலத்திலோ பக்கத்திலோ தமுக்கடித்தோ வேறு வழக்கமான முறையிலோ அறிவிக்க வேண்டும்; உத்தரவின் நகலை எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்ட வேண்டும். காரணம் நியாயமானதுதான். கடனாளி ரகசியமாக நிலத்தை விற்றுவிடக் கூடாது, விவரம் தெரியாமல் யாரும் வாங்கி ஏமாறக் கூடாது. புத்தகத்தில் படித்தால் ஒரு தப்பும் தெரியாது.

ஆனால் நம் டெல்டா ஊர்களின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். ஒரு தெருவில் தமுக்கடித்தால் அடுத்த நாலு தெருவுக்குக் கேட்கும். எல்லாரும் ஏதோ ஒரு வகையில் சொந்தம். பொண்ணு கொடுத்த வீடு, எடுத்த வீடு. நிலத்தை வாங்க வரும் ஆளுக்காக அடித்த தமுக்கு, நிலம் வாங்க வக்கில்லாத முந்நூறு பேர் காதிலும் விழுந்தது. சட்டத்தின் நோக்கம் தகவல். தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது மானக்கேடு.

தமுக்கை அடித்தது யார் என்பதையும் சொல்ல வேண்டும். ஊரில் அந்த வேலை சாதி பார்த்துத் தலித்துகள் தலையில் கட்டப்பட்டிருந்தது. அடுத்தவன் அவமானத்தைச் சொல்ல, தான் அவமானப்பட்டு நின்ற ஆள் அவர். ஆளை விட்டுத் தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்த வேண்டும், ஒலிபெருக்கி வைத்து அறிவித்தால் போதும் என்று தமிழகத் தலைமைச் செயலாளர் மாவட்ட கலெக்டர்களுக்கு எழுதியது எப்போது தெரியுமா? 2022 ஆகஸ்டில்!

இந்தத் தமுக்குச் சத்தம் அதிகமாகக் கேட்ட காலங்களில் ஒன்று 1930கள். உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை விழுந்தது. கிஸ்தியும் வட்டியும் பணத்தில், வருமானம் நெல்லில். நெல் விலை பாதியானால் கடன் இரண்டு மடங்கான மாதிரி. மேட்டூர் அணை 1934ல் திறந்தது. தண்ணீருக்கு ஓரளவு உத்தரவாதம் கிடைத்தது, விலைக்குக் கிடைக்கவில்லை. 1938ல் ராஜாஜி அமைச்சரவை விவசாயக் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. 1932 அக்டோபருக்கு முந்தைய கடன்களில் நிலுவை வட்டி தள்ளுபடி. அசலைப் போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது என்றது அந்தச் சட்டம். நிலம் ஏலம் போகாமல் எத்தனையோ வீடுகள் தப்பித்தன. ஆனால் தப்பிக்க ஒரு நிபந்தனை உண்டு: போய்க் கேட்க வேண்டும்.

அப்பாயியின் அண்டா

இங்கே எங்கள் வீட்டுக் கதை. பாபநாசம் பக்கம் எங்கள் ஊர். பரணில் ஒரு பெரிய பித்தளை அண்டா இருக்கிறது. நெல் அவிக்கிற அண்டா. எந்தக் கல்யாணத்துக்கும் அதை இறக்கியது இல்லை, வாடகைக்குத்தான் பாத்திரம் எடுப்போம். ஏன் அப்பாயி என்று கேட்டால் "அது சரிப்படாதுய்யா" என்று பேச்சை மாற்றிவிடும். நண்பன் விஷயத்துக்கு அப்புறம் உட்கார்ந்து விடாமல் கேட்டேன். சொன்னது.

அப்பாவுக்குப் பத்து வயசு இருக்கும்போது, தாத்தா அத்தை கல்யாணத்துக்காக புரோநோட்டு எழுதிக் கடன் வாங்கியிருக்கிறார். இரண்டு போகம் சரியில்லை. வழக்கு, டிகிரி, ஜப்தி. முதல் நாள் வயல் வரப்பில் தமுக்கு. இரண்டாவது தடவை அமீனா வீட்டுக்கே வந்து பட்டியல் போட்டு அண்டாவையும் இன்னும் சில பாத்திரத்தையும் தூக்கி வண்டியில் வைத்தார். அண்டாவுக்குள் அவித்த நெல் இருந்ததாம். அதைத் திண்ணையில் கொட்டிவிட்டு எடுத்துப் போனார்கள். ஆவி பறக்கிற நெல்லைத் தெருவே நின்று பார்த்தது. தாத்தா கொல்லைப்புறமாகப் போய் வாய்க்கால் மதகில் உட்கார்ந்துவிட்டார். இருட்டிய பிறகுதான் வந்தார்.

பிறகு அப்பாயியின் தம்பி பணம் கட்டி எல்லாவற்றையும் மீட்டார். நிலம் தப்பியது, அண்டாவும் திரும்பி வந்தது. "பாத்திரம் வந்துச்சு, உங்க தாத்தா வரல" என்றது அப்பாயி. அதற்கப்புறம் தாத்தா கோயில் திருவிழாவில் முன்வரிசையில் நின்றதே இல்லையாம். சாகும் வரை.

இப்போது சட்டப் புத்தகத்துக்கு வருகிறேன். அதே 1908 சட்டத்தின் 60ஆம் பிரிவு, எதையெல்லாம் ஜப்தி செய்யக் கூடாது என்று பட்டியல் தருகிறது. கடனாளிக்கும் மனைவி மக்களுக்கும் தேவையான துணிமணி, சமையல் பாத்திரம், படுக்கை. மத வழக்கப்படி பெண்கள் கழற்றக் கூடாத நகை. தொழிலாளியின் கருவிகள். விவசாயி என்றால் உழவுக் கருவிகள், பிழைப்புக்குத் தேவையான மாடு, விதைநெல். அவர் குடியிருக்கும் சொந்த வீடு. (அடமானம் வைத்த சொத்து வேறு கதை.) 62ஆம் பிரிவு இன்னும் சொல்கிறது: சாமானை எடுக்க வருகிறவர், சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரை வீட்டுக்குள் நுழையக் கூடாது.

நெல் அவிக்கும் அண்டா சமையல் பாத்திரமா? விவசாயக் கருவியா? இரண்டும் இல்லை, ஆடம்பரச் சாமான் என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதாடலாம். எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியாது. ஆனால் கேட்டிருக்கலாம். அது கேட்கக்கூடிய கேள்வி. தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும், அவருக்குத் தெரிந்த வக்கீல் குமாஸ்தாவும் உண்டு. ஏன் கேட்கவில்லை?

கேட்க வேண்டிய நேரத்தில் அவர் மதகில் உட்கார்ந்திருந்தார். எனக்குப் புரிந்தது இதுதான். ஊர் முன்னால் வருகிற அவமானம் மனசை நோகடிப்பதோடு நிற்பதில்லை. கேள்வி கேட்கிற வாயை அடைக்கிறது. வீட்டில் இருந்து 'இது எடுக்கக் கூடாதது' என்று சொல்ல வேண்டிய ஆளை வீட்டை விட்டுத் துரத்துகிறது. சட்டம் கொடுத்த பாதுகாப்பை, அதே சட்டம் அடிக்கச் சொன்ன தமுக்கு தின்றுவிட்டது.

தமுக்கு இல்லாத ஜப்தி

இப்போது தமுக்கு இல்லை. வேறு வடிவங்கள் இருக்கின்றன. 2002ஆம் வருஷத்து சர்ஃபாசி சட்டப்படி வங்கி அடமானச் சொத்தைக் கையில் எடுத்தால் இரண்டு செய்தித்தாளில் விளம்பரம் கொடுக்க வேண்டும், அதில் ஒன்று உள்ளூர் மொழியில். (விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. வீட்டில் சொல்லி வையுங்கள்.) நகை ஏல விளம்பரம் பக்கம் பக்கமாக வருவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

2016 மார்ச்சில் ஒரத்தநாடு பக்கத்தில் டிராக்டர் கடன் பாக்கிக்காக ஒரு விவசாயியைப் போலீஸ்காரர்கள் அடித்து இழுத்த வீடியோ நாடு முழுக்கப் பரவியது. அந்த வீடியோவால்தான் நியாயம் கேட்க முடிந்தது என்பது உண்மை. ஆனால் தான் அடிவாங்கியதை நாடே பார்த்தது என்பதும் அந்த மனிதருக்கு மிச்சம். இத்தனைக்கும் கடன் வசூலுக்கு அடியாட்களை அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007லேயே வங்கிகளைக் கண்டித்திருக்கிறது. நேர்மையான ஏழைக் கடனாளியைக் கட்ட முடியவில்லை என்பதற்காகவே சிறையில் போடக் கூடாது என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1980லேயே தீர்ப்பு எழுதியிருக்கிறார்.

அப்புறம் நம் நண்பனுக்கு வந்த ஆப். யோசித்தால் அது தமுக்கேதான். முந்நூறு பேர் காதில் விழ வைக்கிற அதே வேலை. ஆனால் இதில் கோர்ட்டு உத்தரவு இல்லை, அமீனா இல்லை, அறுபதாம் பிரிவும் இல்லை. வெறும் தமுக்கு மட்டும்.

ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில், கடனாளியைப் பொதுவில் அவமானப்படுத்துவதோ குடும்பத்தார், நண்பர்களின் அந்தரங்கத்தில் தலையிடுவதோ கூடாது. காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காக போன் செய்யக் கூடாது என்றது. செப்டம்பரில், கடன் ஆப்கள் போனில் உள்ள நம்பர் பட்டியலைத் தொடக் கூடாது என்றது. தமிழக சட்டமன்றம் 2025ல், கடன் நிறுவனங்கள் கடனாளியையோ குடும்பத்தையோ மிரட்டி, அவமதித்து வசூலிப்பதைக் குற்றமாக்கி, 3 வருஷம் வரை சிறை என்று சட்டம் நிறைவேற்றியது. 1864ல் கயிறு போன மாதிரி, இப்போது தமுக்கு போகட்டும் என்று சட்டம் சொல்ல ஆரம்பித்திருக்கிறது. 160 வருஷம் ஆகியிருக்கிறது!

திருப்பிப் போட்ட வட்டம்

ஒன்றை நினைவில் வைக்கச் சொன்னேனே? 2016ல் மழையும் பொய்த்தது, காவிரியும் வரவில்லை. 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி என்று அரசு அறிவித்தது. அந்த மார்ச்சில் அய்யாக்கண்ணு தலைமையில் நம் பக்கத்து விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் போய் உட்கார்ந்தார்கள். கோவணத்தோடு, மண்டை ஓடுகளோடு, வாயில் எலியைக் கவ்விக்கொண்டு, 41 நாள்.

அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். டிவியில் பார்த்துவிட்டு "அசிங்கமா இருக்கு" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. அப்பா ஒன்றும் பேசவில்லை. இப்போது வேறு மாதிரி தெரிகிறது. கடனாளியைத் தெருவில் நிறுத்தித்தான் இத்தனை நூற்றாண்டாக வசூல் நடந்தது. அவர்கள் தாங்களாகவே தெருவில் நின்றார்கள், "இப்ப யாருக்கு அசிங்கம்?" என்று கேட்பதற்காக. மார்க்கோ போலோ பார்த்த அந்த வட்டத்தை ராஜாவைச் சுற்றிப் போட்டுப் பார்த்தார்கள். ராஜா நின்றாரா இல்லையா என்பது வேறு விஷயம்.

கடைசியாக

வாங்கிய கடனைக் கட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடன் கொடுத்தால் திரும்ப வர வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவனுக்குக் கடன் கிடைக்காது. இது முதல் வருஷப் பாடம். நான் சொல்வது, கடன் ஒரு கணக்கு. அதற்கு அசல் உண்டு, வட்டி உண்டு, கெடு உண்டு, விதி உண்டு. மானம் அந்தக் கணக்கில் எந்தப் பக்கத்திலும் எழுதக்கூடிய தொகை இல்லை. அதை எழுத வைக்கிறவன்தான் தப்பு செய்கிறான்.

நண்பனை அழைத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேர் சைபர் கிரைமில் புகார் கொடுத்தோம். 1930 என்ற எண்ணிலும் சொல்லலாம். போகும்போது அவன் முகமூடி போட்டுக்கொண்டு வந்தான், திரும்பும்போதும் கழற்றவில்லை. ஆனால் மறுநாள் வகுப்புக்கு வந்தான். வழக்கமாக உட்காரும் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தான்.

அண்டா இன்னும் பரணில்தான் இருக்கிறது. தை மாதம் அக்கா கல்யாணம். "இறக்கட்டுமா அப்பாயி?" என்று கேட்டேன். "புளி போட்டுத் தேய்க்க ஆளு வேணுமே" என்றது. முடியாது என்று சொல்லவில்லை.

உங்கள் வீட்டிலும் இந்த மாதிரி பரணில் ஏதாவது இருக்கும். பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.